ஸ்டான்லிக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே: உயிர்ப்புள்ளியியல் பிஎச்.டி. எப்படி நடக்கிறது

மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் தீசிஸ் கொடுக்கும் காலம் நெருங்கிவிட்டால், சமூக மருத்துவத் துறையில் இருக்கும் புள்ளியியலாளரின் அறை வாசலில் ஆள் நிற்கத் தொடங்கும். எந்தக் கல்லூரியானாலும் கேட்பது ஒன்றுதான்: "சார், டேட்டா எல்லாம் எக்செல்ல இருக்கு. பி-வேல்யூ மட்டும் போட்டுக் குடுத்துடுங்க." கோப்பைத் திறந்தால் ஆண்-பெண் பத்தியில் ‘எம்’, ‘மேல்’, ‘1’ என்று மூன்று விதமாக எழுதியிருக்கும். சர்க்கரை அளவுப் பத்தியில் எண்களுக்கு நடுவே ‘நார்மல்’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் எளிய சோதனைகளான டி-டெஸ்டோ கை-ஸ்கொயரோ போட்டுக் கொடுக்க பிஎச்.டி. தேவையில்லை. எம்.எஸ்சி. முடித்தவர் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பு கைக்கு வரும்போது நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அளந்தாயிற்று, பாதிப் பேர் மறுபடி வராமலும் போயாயிற்று. 1938-ல் கொல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆர்.ஏ. ஃபிஷர் இதைத்தான் சொன்னார்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதுதான், சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும். உயிர்ப்புள்ளியியலில், அதாவது மருத்துவ ஆய்வுகளுக்கான புள்ளியியலில், முனைவர் பட்டப் பயிற்சி, ஆய்வு தொடங்கும் முன்பே மேசையில் உட்காரத் தகுதியுள்ள ஆளை உருவாக்குவதற்காக இருக்கிறது.

அதற்கு இரண்டு பாதிகள் வேண்டும். ஒன்று கணிதம்: நிகழ்தகவு, அனுமானக் கோட்பாடு, மாதிரிகளை அமைத்து அவற்றின் பண்புகளை நிறுவுதல். இன்னொன்று, ஒரு எண் எப்படிப் பிறந்தது என்று தெரிவது: யார் அளந்தார், எப்போது அளந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை. சென்னையில் இந்த இரண்டு பாதிகளும் வெவ்வேறு வளாகங்களில் இருக்கின்றன. கணிதம் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மாநிலக் கல்லூரியிலும் உள்ள புள்ளியியல் துறைகளில். தரவு ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில், மாநகராட்சியின் சுகாதார நிலையங்களில். ஒரு பக்கத்தோடு நின்றுவிடும் தீசிஸ்கள்தான் நம்மிடம் அதிகம். தரவே இல்லாத தேற்றங்கள் ஒரு வகை. தேற்றமே இல்லாத அட்டவணைகள் இன்னொரு வகை.

இந்த ஊரில் இரண்டும் சேர்ந்திருந்த காலம் உண்டு

1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. அப்போது காசநோய்க்குச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் வைத்தியம். நெரிசலான குடியிருப்பில், சரியான சாப்பாடு இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டே வீட்டில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா என்பது கேள்வி. நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியம், ஒரு பகுதி வீடு. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு.

1959-ல் முடிவு வெளியானபோது, சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் எவ்வளவோ மேலாக இருந்தும், குணமான விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாரை 5 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சேர்ந்த நோயாளிகளோ இருநூறுக்கும் குறைவு. அவ்வளவு சின்ன ஆய்வு அவ்வளவு தூரம் நடந்ததற்குக் காரணம் அதன் வடிவமைப்பு. ‘நோய் முற்றியவரை சானடோரியத்துக்கு அனுப்பலாம், இவர் தாங்குவார், வீட்டில் இருக்கட்டும்’ என்று மருத்துவர் பிரித்திருந்தால், அந்த ஒப்பீட்டை எந்தச் சூத்திரத்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

அடுத்தது திருவள்ளூர்ப் பகுதியில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை. ஏறத்தாழ 2,80,000 பேருக்கு பி.சி.ஜி.யோ மருந்தில்லா ஊசியோ சமவாய்ப்பில் போடப்பட்டது. 15 ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முழு முடிவு 1999-ல் வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான விடை. அதை நம்ப வைத்தது எண்ணிக்கையும், யாருக்கு எந்த ஊசி என்று தெரியாமல் வைத்திருந்த குருட்டு முறையும். இந்த இரண்டு ஆய்வுகளின் மூல அறிக்கைகளையும் வரி வரியாகப் படிக்காமல் சென்னையில் யாரும் இந்தத் துறையில் பிஎச்.டி. தொடங்கக் கூடாது என்பது எங்கள் கட்சி.

உள்ளே நுழைவது

பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ கணிதம் படித்துவிட்டு, எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்தவருக்கு வழி திறந்தே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளின்படி முதுகலையில் 55% வேண்டும்; ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5% தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலையில் 75% எடுத்தவர் நேரடியாகவும் வரலாம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேற்கொண்டு 2 ஆண்டு கிடைக்கும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் கைடாக இருக்க முடியாது. எனவே ‘சீட் இல்லை’ என்பது பெரும்பாலும் ‘கைடிடம் இடம் இல்லை’ என்பதுதான்.

ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வு புள்ளியியல்காரர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட்டின் கணித அறிவியல் தாளில் வருகிறது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்தத் தாளில் பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் கனமாக இருக்கும்; புள்ளியியல் கேள்விகளை மட்டும் நம்பிப் போனால் தேறுவது கடினம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டு கழித்து முதுநிலையான எஸ்.ஆர்.எஃப். ஆகும்போது 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. கிடைக்காதவர்கள் ஏதாவது ஐ.சி.எம்.ஆர். புராஜெக்டில் வேலைக்குச் சேர்ந்துகொண்டே பதிவு செய்வார்கள். இது கெட்ட வழியல்ல. தரவு எப்படிச் சேர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும். ஆனால் புராஜெக்ட் முடிகிற தேதியும் பிஎச்.டி. முடிகிற தேதியும் ஒன்றாக வருவது அபூர்வம். நடுவில் சம்பளம் நிற்கும் அந்த மாதங்களுக்கு முதலிலேயே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை தரும் ஊக்கத்தொகைக்குத் தகுதியுள்ளவர்கள் ஆண்டுதோறும் விண்ணப்பத் தேதியைத் தவறவிடாமல் இருந்தால் அது தோள் கொடுக்கும்.

சேத்துப்பட்டிலோ அயப்பாக்கத்திலோ ஆய்வு செய்தாலும் பட்டம் இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். பதிவுக் கட்டணம், டாக்டரல் கமிட்டிக் கூட்டம், சினாப்ஸிஸ் என்கிற ஆய்வுச் சுருக்கம் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தின் காலண்டர்படி. வெளியூர் என்றால் வேலூர் சி.எம்.சி.யின் உயிர்ப்புள்ளியியல் துறை இந்த மாநிலத்தில் நல்ல பெயர் எடுத்த இடம்.

கோர்ஸ் ஒர்க் என்கிற மெல்லிய இடம்

விதிப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அதிலும் ஆய்வு நெறிமுறைத் தாள் ஒன்று போய்விடும். அமெரிக்காவில் இதே பட்டத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புதான். அது முடிந்து தகுதித் தேர்வில் தேறியவருக்குத்தான் தீசிஸ் தலைப்பே. நம் முறையில் ஒரு செமஸ்டருக்குள் வகுப்பு முடிந்து, மீதி முழுக்க ‘ஆய்வு’. இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகம் நிரப்பாது. மாணவர்தான் தனக்குத் தானே பாடத்திட்டம் வைத்துக்கொள்ள வேண்டும். பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகள், உயிர்காலப் பகுப்பாய்வு, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கும் தொடர் தரவு, விடுபட்ட தரவு, காரண-விளைவு அனுமானம் ஆகிய ஐந்தும் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் கைவசம் வந்துவிட வேண்டும். வராமல் தலைப்பு எடுத்தவர் நான்காம் ஆண்டில் தொடர் தரவுக்கான அடிப்படைக் கட்டுரையான, லியாங்-ஸெகர் 1986-ல் எழுதியதை முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

‘கைவசம்’ என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். மாதிரி அளவு கணக்கையே எடுத்துக்கொள்வோம். தொலைபேசி நினைவூட்டல் கொடுத்தால், மருந்தை ஒழுங்காக முடிக்கும் நோயாளிகள் 80 விழுக்காட்டிலிருந்து 88 ஆக உயர்வார்களா என்று பார்க்க வேண்டும். 5% பிழை வரம்பு, 80% கண்டறியும் திறன். இந்த இரண்டுக்கும் உரிய எண்களான 1.96-ஐயும் 0.84-ஐயும் கூட்டி இருமடியாக்கினால் 7.84. அதை 0.80 × 0.20 + 0.88 × 0.12, அதாவது 0.2656-ஆல் பெருக்கி, 0.08-இன் இருமடியான 0.0064-ஆல் வகுத்தால் 325.4. ஒரு பக்கத்துக்கு 326 பேர். இது வரைக்கும் செயலி சொல்லிவிடும்.

இப்போது நடைமுறை. நினைவூட்டலை நோயாளிவாரியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒரே சுகாதார நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கு வந்த அழைப்பை இன்னொருவரிடம் சொல்லிவிடுவார்கள். எனவே நிலையம் நிலையமாகப் பிரிக்க வேண்டும். ஆனால் தண்டையார்பேட்டையில் ஒரு நிலையத்துக்கு வரும் 25 பேரும் ஒருவரை ஒருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள்: அதே செவிலியர், அதே மருந்துத் தட்டுப்பாடு, அதே குடியிருப்பு. அந்த ஒற்றுமையின் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) வெறும் 0.02 என்று வைத்தாலும், 1 + 24 × 0.02 = 1.48 மடங்கு ஆட்கள் தேவை. 326 இப்போது 483. நிலையத்துக்கு 25 பேர் வீதம் 20 நிலையங்கள். பத்தில் ஒருவர் நடுவில் விடுவார் என்றால் ஒரு நிலையத்தில் 28 பேரைச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 560 பேர், மொத்தம் 40 நிலையங்கள், 1,120 பேர். முதலில் போட்ட கணக்கோ 652. அதை நம்பிப் பணம் கேட்டிருந்தால் ஆய்வு பாதியில் நொண்டியிருக்கும்.

இன்னொரு சின்ன இடறல் இதற்குள்ளேயே இருக்கிறது. விடுபடுவோருக்காக 10% சேர்க்கச் சொன்னால் பலர் 1.1-ஆல் பெருக்குவார்கள். 0.9-ஆல் வகுக்க வேண்டும். 326-க்கு ஒன்று 359 தரும், மற்றது 363. நாலு பேர்தான் வித்தியாசம். ஆனால் விடுபடுவோர் 30% என்றால் 424-க்கும் 466-க்கும் உள்ள தூரம் அது. அந்த 0.02 எங்கிருந்து வந்தது, 0.05 ஆனால் என்ன ஆகும், 40 நிலையங்கள் கிடைக்காமல் 24-தான் கிடைத்தால் ஆளைக் கூட்டி ஈடுகட்ட முடியுமா என்று டாக்டரல் கமிட்டி கேட்கும்போது, கரும்பலகையில் நின்று பதில் சொல்ல வருகிறதா என்பதுதான் அளவுகோல். கடைசிக் கேள்விக்குப் பதில், ஓர் எல்லைக்கு மேல் முடியாது என்பது. நிலையங்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்த பிறகு உள்ளே எத்தனை பேரைத் திணித்தாலும் திறன் ஓர் அளவுக்கு மேல் ஏறாது.

தலைப்பு எங்கே கிடைக்கும்

நல்ல தலைப்பு, ஏற்கெனவே உள்ள முறை ஓர் உண்மையான தரவின் மேல் வைத்ததும் உடைகிற இடத்தில் கிடைக்கும். வடசென்னையில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை.

காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர்களின் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஓர் ஆய்வு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் போனால் விசைப்படகுத் தொழிலாளிகள் ஊரில் இருப்பார்கள், களப்பணியாளருக்கு எளிது. ஆனால் அப்போது அவர்களுக்கு வருமானம் இல்லை, கடல் உழைப்பு இல்லை, தூக்க நேரம் வேறு, சாப்பாடு வேறு. மற்ற மாதங்களில் போனால் ஆட்கள் கடலில் இருப்பார்கள். வீட்டில் கிடைப்பவர் உடம்பு சரியில்லாமல் படகேறாதவர். முதல் அளவை மே மாதத்திலும் இரண்டாவதை நவம்பரிலும் எடுத்தால், விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்பதே அவர்களின் உடல்நிலையோடு பின்னிக் கிடக்கும். 1976-ல் டொனால்ட் ரூபின் வகுத்த வகைப்பாட்டில் இது மூன்றாவது வகை. எதைக் காணவில்லையோ அதையே பொறுத்து விடுபடல் நிகழ்கிறது. விடுபட்ட எண்களை இருக்கும் தரவிலிருந்து பல தடவை கணித்து நிரப்பும், சாதாரணமாகச் செய்யும் பன்முறை இட்டுநிரப்பல் இங்கே சரியான விடை தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விடுபட்டவர்களின் சராசரி அழுத்தம் நாம் நிரப்பியதைவிட 2 அலகு கூட, 5 அலகு கூட, 10 அலகு கூட என்று மாற்றி மாற்றிப் போட்டு, எந்த இடத்தில் முடிவு கவிழ்கிறது என்று காட்ட வேண்டும். படகு புறப்பட்ட பதிவு, டோக்கன் பதிவு போன்ற துணைத் தகவலை மாதிரிக்குள் கொண்டுவர முடியுமா என்பது ஒரு முழு தீசிஸுக்கான கேள்வி.

மணலி, எண்ணூர் பக்கம் காற்று மாசு. இங்கே சிக்கல் அளவைப் பிழை. மணலியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தின் நுண்துகள் (பி.எம். 2.5) அளவை எடுத்து, சுற்றிலும் உள்ள எல்லோருக்கும் அதே எண்ணைப் போடுகிறார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நிலவரம் மாறிவிடும். தனிநபர் அளவில் கருவி தரும் தாறுமாறான பிழை, மாசுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இருப்பதைவிடச் சிறிதாகக் காட்டும். ஒரே நிலையத்தின் சராசரியை எல்லோருக்கும் ஒட்டுவதால் வரும் பிழை வேறு ரகம். நேரியல் மாதிரியில் அது சரிவைப் பெரும்பாலும் கோணலாக்காது, நம்பிக்கை இடைவெளியை மட்டும் அகலமாக்கும். பெர்க்சன் பிழை என்று அதற்குப் பெயர். நிஜத் தரவில் இரண்டும் கலந்தே வரும். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாமல் ‘மாசால் பாதிப்பு இல்லை’ என்று ஒரு தாள் வெளியானால், அதைத் தூக்கிக்கொண்டு வாதாட ஆள் தயாராக இருக்கும். இந்தியத் தரநிலை நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 40 என்று 2009-ல் வைத்திருக்கிறது. ஒரு நிலையத்தின் ஆண்டுச் சராசரி அதற்குக் கீழே இருப்பதாலேயே அந்தத் தெருவில் மூச்சிரைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தரவிலும் இப்படிப் பொறிகள் உண்டு. முகாமில் இரத்த அழுத்தம் 160-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் எடுத்து, மூன்று மாதம் கழித்து அளந்து, ‘சராசரி 12 அலகு குறைந்தது’ என்றால் அதில் ஒரு பகுதி மருந்தே கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும். ஒரு நாள் ஏறியிருந்த எண்ணைப் பார்த்துப் பிடித்த ஆட்கள் அடுத்த நாள் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்புவார்கள். அதே போல, ‘ஓராண்டில் ஆறு தடவைக்கு மேல் மருந்து வாங்கியவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்’ என்ற வாக்கியம். ஆறு தடவை வாங்க முதலில் அத்தனை மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்தை மருந்தின் கணக்கில் எழுதினால் தண்ணீர்கூட ஆயுளை நீட்டும் மருந்தாகிவிடும்.

2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னொரு சுரங்கம். நோயாளி வந்தவுடனே உடல் எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து ஆபத்தானவரைப் பிரிக்கிறார்கள். முன்கணிப்பு மாதிரிகளில் ஆய்வு செய்பவருக்கு இது பொருத்தமான களம். ஒரு எச்சரிக்கை: யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்துவது வேறு, 10% ஆபத்து என்று சொன்ன நூறு பேரில் உண்மையிலேயே பத்துப் பேர் இறக்கிறார்களா என்பது வேறு. முதலாவதை மட்டும் ஓர் எண்ணாகப் போட்டுவிட்டு இரண்டாவதைத் தொடாத தீசிஸை நல்ல தேர்வாளர் விட மாட்டார்.

எங்கே கெடுகிறது

எத்திக்ஸ் கமிட்டியில்தான் முதல் ஆறு மாதம் போகும். பழைய மருத்துவப் பதிவுகளை மட்டும் எடுக்கிறோம், நோயாளியைத் தொடவில்லை, எனவே அனுமதி வேண்டாம் என்று புள்ளியியல் துறை மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டும். பெயரும் எண்ணும் நீக்கிய தரவானாலும் கமிட்டி ‘விலக்கு’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பின்னால் ஜர்னல் அந்தக் கடிதத்தைக் கேட்கும். ஆய்வு தொடங்கிய பிறகு வாங்கிய அனுமதியை யாரும் ஏற்க மாட்டார்கள். மருத்துவச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவு. 2009 ஜூன் முதல் அது கட்டாயம்.

அடுத்தது பாவனைச் சோதனை, அதாவது சிமுலேஷன். புதிய முறை ஒன்றை முன்வைத்தால், விடை தெரிந்த செயற்கைத் தரவை உருவாக்கி, முறை அந்த விடையைக் கண்டுபிடிக்கிறதா என்று காட்ட வேண்டும். பல தீசிஸ்களில் 100 தடவை ஓட்டிவிட்டு, ‘பழைய முறையின் 95% நம்பிக்கை இடைவெளி சரியான விடையை 92% தடவைதான் பிடித்தது, எனவே பழைய முறை மோசம்’ என்று எழுதியிருப்பார்கள். 100 தடவையில் அந்த 95-இன் திட்டப்பிழை 2.2 விழுக்காட்டுப் புள்ளிகள். 92 என்பது தற்செயலாகவே வரும். 1,000 தடவை ஓட்டினால் பிழை 0.7-க்கு இறங்கும். 0.5 வேண்டுமென்றால் 1,900 தடவை. ஓட்டும் எண்ணிக்கையை முதலில் இப்படிக் கணக்கிட்டு எழுதுவது ஒரு வரி வேலை. சமவாய்ப்பு எண்ணின் தொடக்க விதையைச் சேமித்து வைப்பது இன்னொரு வரி. அது இல்லாவிட்டால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின மாதம் அதே அட்டவணை மறுபடி வராது.

மென்பொருளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ‘ஆர்’ இலவசம், முறைகளை உருவாக்குபவர்கள் அதில்தான் எழுதுகிறார்கள், அதைக் கற்றே ஆக வேண்டும். மருந்து நிறுவனங்கள் பல இன்னமும் சாஸ் மென்பொருளைக் கேட்கின்றன. எஸ்.பி.எஸ்.எஸ். பட்டன் அழுத்தத் தெரிவது ஆய்வுத் தகுதியில் சேராது. எக்செல்லில் கையால் திருத்திய தரவு எதையும் நம்பக் கூடாது. திருத்தம் ஒவ்வொன்றும் நிரலாக எழுதப்பட்டு, மூலக் கோப்பு தொடாமல் கிடக்க வேண்டும்.

வெளியீட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 விதிகள் தீசிஸுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியாக வைத்திருக்கலாம், வைத்தும் இருக்கின்றன. அந்த அவசரத்தில் பணம் கொடுத்தால் பத்து நாளில் அச்சேற்றும் பத்திரிகைகளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெயர் பயோடேட்டாவில் இருப்பது, இல்லாததைவிட மோசம். வெளிநாட்டுப் போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேர்வுக் குழு முதலில் பார்ப்பதே எங்கே வெளியிட்டிருக்கிறார் என்பதைத்தான்.

முடித்தபின்

மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறைக்குப் புள்ளியியலாளர் பணியிடம் உண்டு. சம்பளம் வரும், நேரமும் இருக்கும். ஆனால் முதல் பத்தியில் சொன்ன வரிசையும் வாசலில் நிற்கும். ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களில் விஞ்ஞானி வேலை ஆய்வு செய்யப் பிடித்தவருக்கு ஏற்றது. விளம்பரம் ஒழுங்காக வராது, வயது வரம்பு இருக்கிறது. மருந்துச் சோதனைகளை ஒப்பந்தத்தில் நடத்தும் நிறுவனங்கள் சென்னையில் ஆள் எடுக்கின்றன. அங்கே நிரல் எழுதும் வேலைக்கு எம்.எஸ்சி. போதும். பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதிக் கையெழுத்துப் போடும் இடத்துக்குத்தான் பிஎச்.டி. ஒரு மதிப்பைத் தருகிறது. மருந்துச் சோதனைப் புள்ளியியலுக்கான சர்வதேச இ9 வழிகாட்டிக்கு 2019-ல் வந்த திருத்தச் சேர்க்கைக்குப் பிறகு, எந்த அளவை எந்த நோயாளிகளுக்கு மதிப்பிடுகிறோம், நடுவில் மருந்தை நிறுத்தியவரை எப்படிக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுத வேண்டியிருக்கிறது. சம்பளம் மட்டும் குறி என்றால் எம்.எஸ்சி.யோடு அங்கே சேர்ந்து ஐந்து ஆண்டு அனுபவம் சேர்ப்பது பண ரீதியில் லாபம். இதைக் கைடுகள் சொல்ல மாட்டார்கள்.

சேர்வதற்கு முன் கைடைப் பார்க்கப் போகும்போது சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டுவிடலாம். அவரிடம் முடித்த கடைசி மூன்று பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள். தரவு யார் கையில் இருக்கிறது, அதைத் தரச் சம்மதித்துக் கடிதம் இருக்கிறதா, அல்லது ‘டாக்டர் நமக்குத் தெரிஞ்சவர்தான், தருவார்’ என்ற வாய்மொழிதானா. மருத்துவர் ஒருவரை இணைக் கைடாகப் பதிவு செய்ய முடியுமா. அவர் மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுவாரா. கணிதத் துறையில் பதிவு செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஸ்டான்லி புறநோயாளிப் பிரிவில் பதிவேடு எழுதுமிடத்தில் உட்கார அனுமதி கிடைக்குமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் எதுக்கு, டேட்டா மெயில்ல வந்துடும்’ என்று பதில் வந்தால், வேறு கைடைத் தேடுவது நல்லது.